நரியைப் பரின்னு விக்கிறாங்க... உஷார்!

எங்கள் ஊர் திருவாதவூர். மேலூர் தாலுகா. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றால் சட்டென்று பிடிபடும். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமானே நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிக்கொண்டு வந்த கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். பகலெல்லாம் கனைத்த குதிரைகள், ராத்திரி லாயத்தில் ஊளையிட ஆரம்பித்துவிட்டன.

அந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு சமாசாரம் உண்டு. குதிரையை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுப்பார் வியாபாரி. கயிறு கை மாறிவிட்டால் அப்புறம் குதிரை நொண்டினாலும் சரி, நரியானாலும் சரி, பொறுப்பு வாங்கினவர் தலையில்! 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்கிற போர்டை அப்போதே மாட்டிவிட்டார்கள். வியாபாரி மறைந்துவிட்டார். வைகை மணலில் வெயிலில் நின்று உதைபட்டது எங்கள் ஊர்க்காரர்.

அது கடவுளின் திருவிளையாடல். நாம் கேள்வி கேட்க முடியாது. ஆனால், அதே வியாபாரத்தைக் கடவுள் இல்லாமலே சில விசா ஏஜென்ட்டுகள் நடத்திக்கொண்டிருக்கிறார்களே... அவர்களைக் கேட்கலாம், இல்லையா?

"எட்டு மணி நேர டியூட்டி, ஓ.டி. தனி, ரூமும் சாப்பாடும் ஃப்ரீ, ரெண்டு வருஷத்துல வீடு கட்டிடலாம் தம்பி!" - இங்கே இருக்கும்வரை அது பரி. ஃப்ளைட் இறங்கி, பாஸ்போர்ட்டை ஒருத்தன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதும் ஊளைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு புதுச் சட்டம் கொண்டுவரப் போவதாக மத்திய வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் ஒரு வரைவை வெளியிட்டது. 'ஓவர்சீஸ் மொபிலிட்டி (ஃபெசிலிட்டேஷன் அண்ட் வெல்ஃபேர்) மசோதா' என்று பெயர். (பேர் வாயில் நுழையவே தனி விசா எடுக்கணும் போலிருக்கிறது!) நவம்பர் 7-ம் தேதிவரை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அந்தத் தேதி முடிந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பொதுமக்கள் என்றால் எப்போதும் நமக்கு அடுத்த தெருவில் இருப்பவர்கள்தானே!

டீக்கடை பெஞ்சில் இதைக் கிளப்பியவர் ஹவில்தார் மாமா. எனக்குத் தாய்மாமா. இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மீசையைத் தவிர வேறெதையும் ஓய்வெடுக்க விடாதவர். பேப்பரை மடித்து வைத்தார். பக்கத்தில் ஒரு பையன் பிய்த்துக்கொண்டிருந்த பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"மாப்ளே, இதுல என்னென்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தேன். என்ன எடை, என்ன விலை, எப்போது தயாரித்தது, எதுவரை சாப்பிடலாம், யார் தயாரித்தது, எந்த ஊர், உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், புகார் என்றால் யாருக்கு போன் பண்ணுவது... அசைவம் கலக்கவில்லை என்பதற்கு ஒரு பச்சைப் புள்ளி வேறு.

"பத்து ரூவா பிஸ்கட்டுக்கு இம்புட்டு சொல்லணும்னு சட்டம் இருக்கு. ஒண்ணரை லட்சம் குடுத்து ஒரு பய வெளிநாடு போறான், அவன் கையில என்ன எழுதிக் குடுக்கிறாங்க?"

நல்ல கேள்வி. பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990-ல் வந்தது. அப்புறம் 2009-ல் எடையளவுச் சட்டம், 2011-ல் பொட்டலப் பொருள் விதிகள். எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்பதை 1986-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்லிவிட்டது. 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆக, சோப்பு வாங்கினால் நாம் ராஜா. வேலை வாங்கப் போனால்?

எங்கள் பக்கம் பையன்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலூர்ப் பக்கம் பெரியாறு தண்ணீரை நம்பி ஒரு போகம். மிச்ச மாதங்களுக்குக் கை கொடுத்தவை கிரானைட் குவாரிகள். 2012-ல் முறைகேடு வெடித்து, குவாரிகள் மூடப்பட்டன. மூடியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அதில் வேலை பார்த்தவன் வயிற்றையும் சேர்த்து சீல் வைக்க முடியாதே! டிப்ளமோவும் டிகிரியும் வாங்கினவர்களுக்கோ வேறு கதை. மதுரையில் ஜவுளிக் கடையில் நாள் பூரா நின்றால் மாசம் பன்னிரண்டாயிரம். துபாய், கத்தார் என்று யாராவது வாயைத் திறந்தாலே காது விடைத்துக்கொள்கிறது.

"பட்டாளத்துல நாங்க சேரும்போதும் யாரும் எங்களைக் கேக்கல. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடுவான். இத்தனை வருஷம், இவ்வளவு சம்பளம், செத்தா இவ்வளவு, பென்ஷன் இவ்வளவு" என்றார் மாமா.

சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.ஹெச்.எஸ். மருத்துவ அட்டை. 2003 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய திட்டம். அத்தைக்கு சுகர், இவருக்கு மூட்டுவலி... அட்டையைக் காட்டினால் மருந்து வந்துவிடுகிறது. மருந்து ஸ்டாக் இல்லை, க்யூ நீளம் என்று வாரத்துக்கு ஒரு தடவை மாமா திட்டுவார். அதுவும் உண்டு. திட்டுவதற்கு ஒரு இடம் இருப்பதே பெரிய விஷயம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"அப்போ அக்னிவீர் பத்தி என்ன சொல்றீங்க மாமா?" என்று சீண்டினேன்.

"எனக்குப் பிடிக்கலடா. நாலு வருஷத்துல அனுப்பிடறதெல்லாம் என்ன சர்வீஸ்? பென்ஷன் கிடையாது, இந்த அட்டையும் கிடையாது. ஆனா ஒண்ணு... 2022-ல அறிவிச்சப்பவே நாலு வருஷம்தான், நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான் வச்சுப்போம், நாப்பத்தெட்டு லட்சம் இன்ஷூரன்ஸ்னு சொல்லிட்டான்ல? சேர்றவன் தெரிஞ்சு சேர்றான். பிஸ்கட் பிடிக்குதோ இல்லியோ, பாக்கெட்ல போட்டிருக்கு!"

பட்டாளம் என்றதும் ஞாபகம் வருகிறது. நரி - பரி வியாபாரத்தின் உச்சகட்டம் ரஷ்யாவில் நடந்தது. 'செக்யூரிட்டி வேலை', 'ஹெல்பர் வேலை' என்று யூ-டியூபில் விளம்பரம். நம்பிப் போன இந்தியப் பையன்களிடம் ரஷ்ய மொழியில் ஒரு ஒப்பந்தம் நீட்டப்பட்டது. ஒரு எழுத்தும் புரியாமல் கையெழுத்துப் போட்டார்கள். கயிறு மாறிவிட்டது! கையில் துப்பாக்கியைக் கொடுத்து உக்ரைன் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் போட்டு டெல்லி, மும்பை, திருவனந்தபுரம் என்று சோதனை நடத்தியபோது, அந்தப் பட்டியலில் ஒரு ஊர் பெயரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரை!

அந்த வருஷம் ஜூலையில் பிரதமர் மாஸ்கோ போனபோது இதைப் பேசினார். பிறகு பலர் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த கணக்கு: ரஷ்ய ராணுவத்தில் சேர்ந்த இந்தியர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96, இறந்தவர்கள் 12, காணாமல் போனவர்கள் 16.

மாமா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பட்டாளத்துல 'மிஸ்ஸிங்'னு போட்டா அவன் வீட்டுக்குச் சம்பளம் போற வழி என்னன்னு எங்ககிட்ட ரூல் இருக்கு. இந்தப் பயலுக வீட்டுக்கு எவன் லெட்டர் போடுவான்?" என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கொஞ்சம் வறட்டு விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புது வரைவு தூக்கிப்போட நினைப்பது 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டத்தை. அந்தச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் முப்பதாயிரம் ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. என்ன... உங்கள் சித்தப்பா மகன் எவ்வளவு கொடுத்தான் என்று கணக்குப் போடுகிறீர்களா? போடுங்கள், போடுங்கள்!

சட்டத்தை மீறினால் தண்டனை? இரண்டு வருஷம்வரை ஜெயில். சரி. அபராதம்? சட்டப் புத்தகத்தில் 1983-ல் எழுதியது - அதிகபட்சம் இரண்டாயிரம் ரூபாய். ஹெல்மெட் இல்லாமல் போய் இரண்டு தடவை மாட்டினாலே நமக்கு அவ்வளவு ஆகிவிடும்.

இதே சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. பத்தாவது பாஸ் பண்ணாதவர் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று முத்திரை விழும். (சென்னைவாசிகள் மகாபலிபுரம் ரோட்டை நினைக்க வேண்டாம்.) அவர் சவூதி, குவைத், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். கூடவே கட்டாய இன்ஷூரன்ஸ். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம்.

பத்தாவது பாஸ் பண்ணிவிட்டால்? அந்த முத்திரையும் இல்லை, அந்த அனுமதியும் வேண்டாம். படித்தவனை எவன் ஏமாற்ற முடியும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

படித்தவனைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். 'பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங். கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும்' என்று அழைப்பு. தாய்லாந்து இறங்கியதும் காரில் ஏற்றி, ஆற்றைக் கடத்தி, மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் வேலிக்குள் விட்டார்கள். வேலை என்ன தெரியுமா? உங்களுக்கும் எனக்கும் போன் பண்ணி, வாட்ஸ்-அப் பண்ணி ஏமாற்றுவது! மாட்டேன் என்றால் அடி, ஷாக். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுப் பையன்கள் 13 பேர் மீட்கப்பட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் ஐநூறுக்கும் அதிகமான இந்தியர்களை விமானப்படை விமானங்கள் போய் அழைத்துவந்தன. டிகிரி சர்டிஃபிகேட்டை ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர்கள், ராணுவ விமானத்தில் வெறுங்கையோடு.

ராணுவ விமானம் சில பேரை உயிரில்லாமலும் கொண்டுவந்தது. குவைத் மங்காஃப் கட்டடத்தில் 2024 ஜூன் 12-ம் தேதி விடிகாலையில் தீ. தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகத் தங்கவைத்த கட்டடம். 45 இந்தியர்களின் உடல்களோடு விமானம் கொச்சியில் இறங்கியது. அதில் 7 பேர் தமிழ்நாடு. 'ரூம் ஃப்ரீ' என்கிறார்களே... அந்த ரூமில் எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று எந்தப் பாக்கெட்டில் அச்சடித்திருந்தது?

இந்தச் சட்டத்தை மாற்றப்போகிறோம் என்று 2019-ல் ஒரு வரைவு வந்தது. 2021-ல் இன்னொன்று. இரண்டும் சட்டமாகாமலே காணாமல் போயின. 2021 வரைவில், விதியை மீறினால் போகிற தொழிலாளிக்கே அபராதம், பாஸ்போர்ட் முடக்கம் என்று இருந்தது. தொழிலாளர் நலனுக்காகப் பேசுகிறவர்கள் அதைக் கண்டித்தார்கள். பின்னே? வியாபாரி தப்பித்துவிட, மறுபடியும் வைகை மணலில் நிற்கப்போவது எங்கள் ஊர்க்காரன்தானே!

2025 வரைவு நலவாழ்வையும் சேர்த்துப் பேசுகிறது. தனி கவுன்சில், ஏஜென்சிகளுக்குப் புதுப் பதிவுமுறை, உதவி மையங்கள், தகவல் திரட்டு, திரும்பி வருகிறவர்களுக்கு உதவி, கூடுதல் தண்டனை என்றெல்லாம் இருக்கிறது. நல்லதுதான். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வருவதற்கான சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறி, செப்டம்பர் முதல் தேதி அமலுக்கும் வந்துவிட்டது. உள்ளே வருகிறவனுக்கான சட்டத்துக்கு இருந்த வேகம், வெளியே போகிறவனுக்கான சட்டத்துக்கும் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

என் கவலை ஒன்றே ஒன்றுதான். கவுன்சில் டெல்லியில் உட்காரும். ஏஜென்ட்டுக்கு ஏஜென்ட்டுக்கு ஏஜென்ட் எங்கள் ஊர் டீக்கடையில் உட்காருவான். அவனுக்கு போர்டும் கிடையாது, ரசீதும் கிடையாது. 'நம்ம ஆளு' என்பதுதான் அவனுடைய லைசென்ஸ். தாலிச்செயினை அடகுவைக்கும் முன்னால், தமிழில், ஒரே ஒரு தாளில், வேலையின் விவரம் பையன் கைக்கு வந்தாக வேண்டும். அதைக் கொடுக்காதவன் மாட்ட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இதைச் சும்மா எழுதவில்லை. போன மாசம் என் சித்தி மகனுக்கே பாங்காக் வந்தது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். "எண்பதாயிரம் சம்பளம்ணே. ஒண்ணரை லட்சம் கட்டணும். முதல்ல விசிட் விசா, அங்க போய் மாத்திக்கலாமாம்" என்றான். சித்தி செயினைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்தே வைத்துவிட்டாள்.

ஹவில்தார் மாமா கத்தவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவை வைத்து வரிசையாக எழுதினார். கம்பெனி பெயர், முழு விலாசம். என்ன வேலை, எத்தனை மணி நேரம். சம்பளம் எந்தப் பணத்தில், பிடித்தம் எவ்வளவு. என்ன விசா. ரூமில் எத்தனை பேர். உடம்பு சரியில்லாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, செலவு யாருடையது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும். கடைசியாக, ஏஜென்ட்டின் பதிவு நம்பர்.

"இதை அந்தாளுக்கு அனுப்பு மாப்ளே. பதில் எழுத்துல வரணும்னு சொல்லு."

நான் என் பங்குக்கு ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் இ-மைக்ரேட் இணையதளத்தைத் திறந்தேன். மத்திய அரசின் தளம். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகள் யார், யாருடைய பதிவு ரத்தானது என்று ஊர்வாரியாகப் பார்க்கலாம். பதிவே இல்லாமல் ஆள் பிடித்தவர்கள் என்று அரசே போட்டிருக்கும் பட்டியல் மூவாயிரத்தைத் தாண்டும். சந்தேகம் கேட்க 1800 11 3090 என்று கட்டணமில்லாத போனும் இருக்கிறது. நம் மாநில அரசிடமும் 1978-லிருந்து ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப. எத்தனை பேருக்கு இது தெரியும்? பிஸ்கட் விளம்பரம் வருகிற அளவுக்கு இதற்கு விளம்பரம் வருவதில்லை.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் கவனத்துக்கு ஒரு வார்த்தை: ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு செய்வது ஒரு சேவை. ரசீதோ, பேங்கில் போட்ட சான்றோ இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். புதுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் ஆபீஸ் மும்பையில் என்றாலும் பரவாயில்லை. விவரம் கேட்க 1915. கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள்... சரி, வேண்டாம், வயிற்றெரிச்சல்.

எங்கள் ஆள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தம்பி அனுப்பிய கேள்விகளுக்கு இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் போன் வந்தது. மாமா வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"பெரியவரே, இவ்ளோ கேள்வி கேட்டா வேலைக்கு ஆகாது. கம்பெனிக்காரன் கோவிச்சுப்பான்."

"கோவிச்சுக்கட்டும் தம்பி. நீங்க நம்பரை மட்டும் சொல்லுங்க."

"நம்பிக்கை இல்லேன்னா விட்டுருங்க. இந்த சீட்டுக்கு வேற பையன் ரெடியா இருக்கான். மேலூர்ப் பக்கம்தான்... நாளைக்கே பணம் கட்டுறான்."

போன் கட்டாகிவிட்டது. சித்தி செயினை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தம்பி மதுரையில் ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறான். மாசம் பன்னிரண்டாயிரம். மாமாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எண்பதாயிரத்தைக் கெடுத்தவர் இல்லையா!

மாமா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரமாக டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மேலூர் பஸ் ஸ்டாண்ட், கொட்டாம்பட்டி, ஒத்தக்கடை என்று அலைகிறார். டீக்கடை, சலூன், செல்போன் கடை எதையும் விடுவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே விசாரிப்புதான்:

"ஏப்பா, இந்தப் பக்கம் பாங்காக் போறேன்னு எந்தப் பயலாவது சொன்னானா?"